எத்தனை பேர் என்று கேட்டார்கள்

ஒதாயா,
வியாழக்கிழமை, 17 ஜூலை 1986

அன்பு மகள் ஞாவிராவுக்கு,

உடம்பைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன், நீ இரண்டாவது வரிக்குள் பயந்துவிடக் கூடாது. இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை, எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், காலையில் கஞ்சி குடித்தோம். நீயும் லீட்ஸில் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். குளிர் இந்த வருடம் கடுமை, பத்து மணி வரை மூடுபனி தேயிலைச் செடிமேல் உட்கார்ந்திருக்கிறது, பறிக்க வருகிறவர்கள் விரலை ஊதிக்கொண்டே பறிக்கிறார்கள். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. கரீதிதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டான், அன்று பள்ளிக்கூடம் போகவில்லை, நானும் திட்டவில்லை. இவ்வளவுதான் நல்ல செய்தி. மீதியை எழுத எனக்குக் கை வரவில்லை, ஏற்கெனவே இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். ஆனாலும் முறையாக, நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், நடுவில் நிறுத்திவிடாமல் கடைசி வரை படி, ஏனென்றால் கடைசியில் நீ செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

பிள்ளைகளுக்கு விசா மறுத்துவிட்டார்கள். அதற்குக் காரணம் நான். ஜூன் ஐந்தாம் தேதி நேர்காணலுக்குப் போய் வந்ததும் நான் உனக்கு எழுதினேனே, எல்லாம் சரியாக நடந்தது, அலுவலகத்தில் மரியாதையாகப் பேசினார்கள் என்று, அதில் இரண்டாவது பாதி மட்டும்தான் உண்மை. அன்று காலை உன் அம்மா பிள்ளைகளின் ஸ்வெட்டரைத் துவைத்து அடுப்பின் மேல் காயவைத்து, வமைதாவுக்குப் பாதிரியார் வீட்டுப் பெண்ணின் காலணியைக் கேட்டு வாங்கி, எங்களை மட்டாட்டு வண்டியில் ஏற்றிவிட்டாள். வண்டி கிளம்பும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "ஞாவிரா அப்பா, அங்க யாராவது ஆளுங்க கணக்கு கேட்டா வாய மூடிக்கிட்டு இருங்க. உங்களுக்கு இங்கிலீஷ் பேசணும்னு நாக்கு துடிக்கும், எனக்குத் தெரியும்," என்றாள். வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஓட்டுநர், "அம்மா, கணக்கு கேக்காம நானே டிக்கெட் குடுக்க முடியாதே," என்றான். "உனக்கு சீட்டு கணக்கு, எனக்குப் பிள்ளைங்க, ரெண்டும் ஒண்ணா? வண்டிய எடு," என்று அவனையும் அடக்கிவிட்டாள்.

உன் அம்மாவை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகளையும் மாடுகளையும் எண்ணுவதில்லை, எண்ணினால் ஒன்று குறைந்துவிடும் என்பது அவள் கண்டுபிடித்ததா என்ன, நம் ஊரில் யார் வீட்டில் எண்ணுகிறார்கள்? படித்தவன் நான்தான் முப்பத்தொரு வருடம் கரும்பலகையின் நடுவே கோடு இழுத்து, இடப்பக்கம் எண்ணக்கூடியவை, வலப்பக்கம் எண்ண முடியாதவை என்று எழுதிப் போட்டேன். ஆடு, மேசை, குழந்தை இடப்பக்கம், அவற்றுக்கு மெனி, ஃப்யூ. தண்ணீர், மாவு, மழை வலப்பக்கம், அவற்றுக்கு மச், லிட்டில். ஆட்டையும் குழந்தையையும் இடப்பக்கம் எழுதச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் எழுத மாட்டார்கள், "சார், ஆட்ட எண்ணினேன்னு தெரிஞ்சா எங்கப்பா தோல உரிச்சிடுவாரு," என்பார்கள். நான் பிறகு ஆட்டையும் குழந்தையையும் அழித்துவிட்டு, பீன்ஸ் விதையும் தேநீர்க் கோப்பையும் வைத்துப் பாடம் நடத்தினேன். சம் என்ற சொல்லை மட்டும் கோட்டின் மேலேயே எழுதுவேன், அது இரண்டு பக்கத்துக்கும் பொது, சந்தேகம் வந்தால் அதைப் போடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். அந்த உபதேசம் எனக்கே வந்து விடியும் என்று அப்போது நினைக்கவில்லை.

நைரோபியில் எங்களைக் கண்ணாடிக் கதவு போட்ட அறையில் உட்காரவைத்தார்கள். கேள்வி கேட்டவள் சின்ன வயதுப் பெண், உன்னைவிட இளையவள், கையில் நீ அனுப்பிய தாள்கள் எல்லாம் இருந்தன. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நான் ஆங்கில ஆசிரியர் என்றேன். என் வாழ்நாளில் நான் பெருமை பேசிய இடங்கள் குறைவு, அதில் அது ஒன்று. உன் கணவர் இறந்த வருடம், நீ கிளம்பிய வருடம், வீட்டில் யார் சமைக்கிறார்கள், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். பிறகு, "உங்கள் மகளுக்கு எத்தனை குழந்தைகள்?" என்று கேட்டாள். ஞாவிரா, அந்தக் கேள்விக்கு எண்ணைத் தவிர வேறு பதில் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? வேறு பதில் எழுதிய எத்தனை விடைத்தாளில் சிவப்பு மை போட்டிருக்கிறேன்? சின்ன வங்கேசி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், அவள் தலையின் சூடு என் கையில் இருந்தது. "சம் சில்ட்ரன்," என்றேன். அவள் சிரித்தபடி, சரி, எத்தனை என்றாள். எங்களுக்குப் போதுமான அளவு இருக்கிறார்கள் என்றேன். அவள் பேனா நின்றுவிட்டது.

பிறகு வமைதாவைத் தனியாகக் கூப்பிட்டார்கள். உன் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டதற்கு இவள், "எங்கள எண்ணக் கூடாதுன்னு பாட்டி சொல்லியிருக்காங்க," என்றாளாம். வெளியே வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னாள், "தாத்தா, நான் வாயே திறக்கல." கரீதி அக்காவைவிடக் கெட்டிக்காரன். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் எல்லோரும் நமக்கு அண்ணன் தம்பிதானே, அவர்களையும் சேர்த்துக்கொண்டு, "நாங்க நெறய பேர், வீடு கொள்ளாது," என்று சொல்லியிருக்கிறான். பிள்ளைகள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். எழுந்துபோய், அம்மா, எங்கள் வழக்கம் இப்படி என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்தப் பெண் கேட்டிருப்பாள், கேட்கக்கூடிய முகம்தான். நான் வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்துப் பார்த்தேன், திருத்தினேன், மறுபடி அமைத்தேன், அதற்குள் நன்றி, போகலாம் என்றுவிட்டார்கள்.

மறுப்புக் கடிதம் ஜூன் இருபத்து மூன்றாம் தேதியிட்டது. நான் தபால் பெட்டியைச் சனிக்கிழமைதான் திறப்பேன் என்று உனக்குத் தெரியும். அதற்கு முந்திய சனிக்கிழமை மழையில் போகவில்லை, ஜூலை ஐந்தாம் தேதிதான் கையில் கிடைத்தது. தாய் சொன்ன எண்ணைத் தாத்தா உறுதிசெய்யவில்லை, பிள்ளைகள் வேறு வேறு விதமாகச் சொல்கிறார்கள், ஆகவே இவர்கள் இந்தத் தாயின் பிள்ளைகள்தான் என்று நம்ப இயலவில்லை, மேல்முறையீடு செய்வதானால் இருபத்தெட்டு நாளுக்குள் என்று எழுதியிருந்தது. அந்தக் கடைசி நாள் வருகிற திங்கட்கிழமை. திங்கள் ஏழாம் தேதி தபால் நிலையத்திலிருந்து உன் விடுதிக்கு டிரங்க் கால் போட்டேன். யாரோ ஒரு பெண் எடுத்து நீ வேலையில் இருக்கிறாய் என்றாள், உன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மறுபடி போட்டேன், லைன் கிடைக்கவில்லை. இதற்குள் இன்னொரு கேவலமும் செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். அந்தக் கடிதத்தை அகராதிக்குள் வைத்து மூடிவிட்டு எட்டு நாள் உன் அம்மாவிடம் சொல்லவில்லை. வமைதா தினமும், "தாத்தா, விசா பேப்பர் வந்துச்சா?" என்று கேட்பாள், வரும் வரும் என்பேன். அவள் துணிப்பை கட்டி வைத்தது வைத்தபடி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பள்ளிச் சீருடையை மட்டும் அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு, துவைத்ததும் மறுபடி அதற்குள்ளேயே மடித்து வைக்கிறாள். சின்னவள் உன் போட்டோவைப் பார்த்து, இந்த அம்மா உட்கார்ந்தே இருக்காங்களே, இவங்களுக்கு நடக்க வராதா என்று கேட்கிறாள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு எட்டு நாள் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

போன ஞாயிறு தேவாலயம் முடிந்து வரும் வழியில் உன் அம்மாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நான்தான வாய மூடச் சொன்னேன்," என்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போய், "எட்டு நாளா? எட்டு நாளா என்கிட்ட சொல்லல? அந்தப் பொண்ணு பைய கட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு," என்றாள். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவளே என் கோட்டை எடுத்து நீட்டினாள், இரண்டு பேரும் நியேரிக்குப் போய் வக்கீல் கதோகோவைப் பார்த்தோம். உனக்கு அவனை ஞாபகம் இருக்கும், என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவன். மறுப்புக் கடிதத்தைப் படித்துவிட்டு, "சார், மச் ஆடுன்னு எழுதினதுக்கு என்னைப் பெஞ்சு மேல ஏத்தினீங்க. நீங்களே அங்க போய் சம் பிள்ளைங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்களே, உங்கள நான் எந்த பெஞ்சு மேல ஏத்துறது?" என்று சிரித்தான். உன் அம்மா, "ஏத்துப்பா, இறக்கி விடாத," என்றாள். அவன் பிறகு சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை, தட்டச்சுப் பொறியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தாத்தா பாட்டி இரண்டு பேரும் பிரமாணப் பத்திரம் தர வேண்டும், வளர்த்தவள் பாட்டி என்பதால் அவள் விரல் ரேகைக்குத்தான் அதிக மதிப்பு என்று விளக்கினான்.

எத்தனை பிள்ளைகள் அம்மா என்று கேட்டான். "நம்பர் என் வாயில வராது. பேரு சொல்றேன், பேரு எவ்வளவு வேணா சொல்றேன், பேரச் சொன்னா ஒண்ணும் ஆகாது," என்றாள். நல்லது, பெயரே போதும் என்றான் அவன். எனக்கு அப்போது, இந்த எளிய வழி எனக்கு ஏன் நைரோபியில் தோன்றவில்லை என்று அழுகை வந்தது. பெயர்களை வரிசையாகச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணே விரலை மடக்கியிருப்பாள். உன் அம்மா பிறந்த வரிசையில் சொன்னாள், அவன் தட்டினான். வமைதா. கரீதி. வஹோமே. அவன் நிறுத்திவிட்டு, "அம்மா, அது சார் பேரு," என்றான். "அவரு இல்லப்பா. அவரு பேரு வெச்ச பிள்ள," என்றாள் உன் அம்மா. சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலச் சாதாரணமாக, "அப்புறம் என் பேரு வெச்சவ, வங்கேசி," என்றாள்.

ஞாவிரா, நான் உன்னைக் கேள்வி கேட்க இதை எழுதவில்லை. உன் விண்ணப்பத்தின் நகல் மேசையில் இருந்தது. உயிருடன் இருப்பவர்கள், இறந்தவர்கள் உட்பட இதுவரை பெற்ற குழந்தைகள் எத்தனை என்று அதில் கேள்வி, அதற்கு நேரே உன் கையெழுத்தில் ஓர் எண். அந்த எண்ணைவிட உன் அம்மா சொன்ன பெயர்கள் ஒன்று அதிகம். கதோகோ மெதுவாக, "உயிரோட இருக்கிறவங்கள மட்டும் போட்டுக்கலாம் அம்மா, மக எழுதினதோட ஒத்துப்போகும்," என்றான். உன் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "ஏழு மாசம் என் முதுகுல கெடந்தவன். அவ எழுதலன்னா அவன் பொறக்கலன்னு ஆயிடுமா? அவன விட்டுட்டு நான் விரல் வைக்க மாட்டேன். அவனையும் சேத்து எழுது, இல்லன்னா என் விரல வெட்டி எடுத்து நீயே வெச்சுக்கோ," என்றாள்.

நீ ஏன் அவனை எழுதவில்லை என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், தவறாக இருந்தால் மன்னித்துவிடு. அவன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லாமல் போனதற்கு நானே காரணம். எழுபத்தொன்பது ஆகஸ்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது ஆசிரியர்கள்தான் வீடு வீடாகப் போனோம். ஓய்வு பெற்றிருந்த எனக்கும் பையும் பென்சிலும் தந்தார்கள், பெருமையாக இருந்தது. கடைசியாக நம் வீட்டுக்கு வந்து, அரசாங்கத் தாளில் நம் ஆட்களை வரிசையாக எழுதி, பிள்ளையைத் தொட்டிலில் பார்த்து அவனையும் எழுதி, அடியில் மொத்தம் போட்டேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றே வாரத்தில் தட்டம்மை வந்து அவனைக் கொண்டுபோனது. தட்டம்மை அந்த மாதம் மலை முழுவதும் இருந்தது, எண்ணாத வீடுகளிலும் பிள்ளைகள் போனார்கள், இதை நான் பல தடவை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லும்போது நம்புகிறேன், சொல்லி முடித்ததும் நம்பிக்கை போய்விடுகிறது. அதன் பிறகு இத்தனை வருடத்தில் ஆட்களின் எண்ணிக்கையை நான் வாயால் சொன்னதில்லை. சாப்பாட்டுத் தட்டு எடுக்கும்போதுகூட எண்ணாமல் கை கொண்ட மட்டும் எடுத்துவைக்கிறேன். அதுதான் நைரோபியில் என் நாக்கைப் பிடித்தது. உன் பேனாவைப் பிடித்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கதோகோ இரண்டு பத்திரம் தயார் செய்தான். ஒன்றில் சின்ன வஹோமேயின் பெயர் இல்லை, என் கையெழுத்துக்கு மட்டும் இடம். அது உன் விண்ணப்பத்தோடு ஒத்துப்போகும், ஆனால் பாட்டியின் ரேகை இல்லாமல் ஏற்கெனவே மழுப்பிய கிழவனின் கையெழுத்தை யார் நம்புவார்கள் என்றான். இன்னொன்றில் எல்லாப் பெயரும், உன் அம்மாவின் ரேகையும். அது உண்மை, ஆனால் தாய் எழுதியதே பொய் என்று ஒரேயடியாக மூடிவிடவும் வாய்ப்பு உண்டு, பாதிக்குப் பாதி என்றான். அவள் இரண்டாவதில் விரல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். "சார், நாளைக்கு வந்து ரெண்டுல ஒண்ணுல கையெழுத்துப் போடுங்க. மகள கேக்க முடியுமா?" என்றான். உனக்குக் கடிதம் வந்து சேரப் பன்னிரண்டு நாள், பதில் வரப் பன்னிரண்டு நாள். மறுபடி தபால் நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றேன், லைன் கிடைக்கவில்லை. இந்த எழுபத்தொரு வயதில் எந்தப் பெரிய காரியத்தையும் நான் தனியாக முடிவு செய்தது கிடையாது, தலைமை ஆசிரியரைக் கேட்பேன், பாதிரியாரைக் கேட்பேன், உன் அம்மாவைக் கேட்பேன். இப்போது கேட்க வேண்டிய ஆள் நீ, நீ கிடைக்கவில்லை.

நேற்று நியேரிக்குப் போய் இரண்டாவது பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதில் அடியில் ஒரு வரி காலியாக இருந்தது, பெற்ற பிள்ளைகளின் மொத்தம், உயிருடன் இருப்பவர்களின் மொத்தம் என்று. பெயர் இருக்கிறதே, எண் எதற்கு என்றேன். "அவங்க முதல்ல கேட்டது அதத்தான சார், இந்தத் தடவையும் விட்டுட்டா அவ்வளவுதான்," என்றான் கதோகோ. அவன் தட்டச்சு செய்யக் கையை வைத்தான். நான் வேண்டாம் என்று சொல்லி அவன் பேனாவை வாங்கி, இரண்டு எண்ணையும் என் கையால் எழுதினேன், எண்ணாலும் எழுத்தாலும், கணக்கெடுப்பில் எழுதியது போலவே. மனம் மாறிவிடக் கூடாது என்று அங்கேயே தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தேன், வெள்ளிக்கிழமை நைரோபிக்குப் போய்விடும் என்று எழுத்தர் சொன்னார். வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று காலை கஞ்சி குடிக்கும்போது சின்னவள் இருமினாள், என் கையிலிருந்த கிண்ணம் கவிழ்ந்துவிட்டது. கஞ்சி புரையேறியதாம், அவ்வளவுதான். உன் அம்மா துடைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு நான் எண் எழுதியதைச் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் வரவில்லை.

நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. தவறாகிவிட்டால் பிள்ளைகளை உன்னிடமிருந்து இரண்டு தடவை பிரித்தவன் நான் என்று ஆகும். நீ செய்ய வேண்டியது இதுதான், இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே செய், வேலைக்குப் போகும் முன் செய். அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுது. விண்ணப்பத்தில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டேன், அவன் பெயர் வஹோமே, எழுபத்தொன்பது பிப்ரவரியில் பிறந்து செப்டம்பரில் இறந்தான், மறைக்க நினைத்து விடவில்லை, எழுத முடியாமல் விட்டேன் என்று எழுது. வேறு நியாயம் தேடாதே, நீளமாக எழுதாதே. என் பத்திரமும் உன் கடிதமும் ஒன்றையே சொன்னால் அவர்கள் மனம் இரங்கக்கூடும். இரங்காவிட்டாலும் அவன் பெயரைத் தாய் தன் கையால் ஒரு தடவையாவது எழுதியதாக இருக்கட்டும். நாங்கள் அவனைப் பேசாமல் வைத்தது போதும். வமைதாவிடம் ஞாயிறு அன்று நானே சொல்லிவிடுகிறேன், பையைப் பிரிக்கச் சொல்ல மாட்டேன், பதில் வரும் வரை அப்படியே இருக்கட்டும் என்பேன்.

குளிர் வந்தால் கழுத்தை மூடிக்கொள், நின்றுகொண்டே சாப்பிடாதே. உன் அம்மா நம் வழக்கப்படி இந்தத் தாளின் மேல் எச்சில் தூவி உன்னை வாழ்த்தினாள், மூலையில் மை கலைந்திருப்பது அதனால்தான். நானும் உன்னை வாழ்த்துகிறேன். வமைதாவும் கரீதியும் வங்கேசியும் உன்னிடம் வந்து சேர வேண்டும், நீ நடப்பதைச் சின்னவள் பார்க்க வேண்டும், அதற்கு மேல் கடவுளிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. உன் கடிதத்தில் பெயர்களை மட்டும் எழுது, நான்கு பெயரையும் பிறந்த வரிசையில் எழுது, எத்தனை பேர் என்று நீ எழுத வேண்டாம். அதை நான் எழுதியாகிவிட்டது. அதனால் ஏதாவது வருவதானால் எழுதிய கையைத் தேடிக்கொண்டு என்னிடம் வரட்டும்.

உன் அப்பா,
வஹோமே